ஐம்பது ரூபாய் வேண்டாம், ஒரு பிடி பூளைப்பூ போதும்

(ஒன்றிய அளவிலான ஆசிரியர் பயிற்சி முகாமில், நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்கு முந்தைய நேரத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பசியோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் விருந்தைப் பற்றிப் பேசச் சொல்வது கொஞ்சம் அநியாயம்தான். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

'பள்ளி விழாக்களில் செலவில்லா அலங்காரம்' என்ற தலைப்பைக் கொடுத்தார்கள். எனக்கு ஓவியம் வராது. ஒரு நேர்க்கோடு போடச் சொன்னாலே அளவுகோலைத் தேடுவேன். இருந்தாலும் எங்கள் பள்ளியில் மூன்று ஆண்டுகள் பொங்கல் விருந்துக்குப் பந்தியை அலங்கரித்த அனுபவம் இருக்கிறது. அதில் இரண்டு முறை தவறு செய்தேன். அந்தத் தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைக்காவது அது பயன்படும்.

முதல் தவறு

எங்களுடையது கொங்குப் பகுதியில் உள்ள ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி. நான் சொல்லும் காலத்தில் 84 பிள்ளைகள். ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வேலைநாளில் சமத்துவப் பொங்கல் வைப்போம். 2018 ஜனவரியில் அதைக் கொஞ்சம் சிறப்பாகச் செய்யலாம் என்று எனக்கு ஆசை வந்தது. கைப்பேசியில் வந்த ஒரு காணொலியில் நீளமான உணவு மேசை, பளபளக்கும் விரிப்பு, நடுவில் பூ வரிசை, மேலே தோரணம் எல்லாம் பார்த்திருந்தேன். நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஒருநாள் அமைய வேண்டும் என்று நினைத்தேன். நினைப்பில் தப்பில்லை.

பிள்ளைக்கு 50 ரூபாய் கொண்டுவரச் சொன்னேன். வந்த பணத்தில் பிளாஸ்டிக் விரிப்பு, தெர்மாகோல் எழுத்துகள், பலூன், சீரியல் விளக்கு, பிளாஸ்டிக் மாலை, காகிதக் குவளை, தெர்மாகோல் தட்டு எல்லாம் வாங்கினோம். பந்தி பார்க்க அழகாகத்தான் இருந்தது. நிறையப் படம் எடுத்தோம். பாராட்டும் வந்தது.

அன்றைக்கு ஏழாம் வகுப்பில் ஒரு பெண் வரவில்லை. அதுவரை ஒருநாளும் விடுப்பு எடுக்காத பிள்ளை. விடுமுறை முடிந்து வந்ததும் கேட்டேன். "காய்ச்சலுங்க டீச்சர்" என்றாள். நானும் நம்பிவிட்டேன். எங்கள் சத்துணவுச் சமையலர் அக்காதான் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்லீங்க டீச்சர். அம்மாயிகிட்ட அம்பது ரூவா இல்ல. கேட்டா அவங்க கடன் வாங்கிக் குடுப்பாங்கன்னு புள்ள கேக்கவே இல்லையாமா."

பாட்டியின் கூலியில் படிக்கும் பிள்ளை அது. அந்த ஐம்பது ரூபாயைக் கேட்டது நான். "முடியாதவர்கள் தர வேண்டாம்" என்றும் சொல்லித்தான் இருந்தேன். ஆனால் முடியாது என்று எழுந்து நின்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? சமத்துவப் பொங்கல் என்று பெயர் வைத்து, நுழைவுக் கட்டணமும் வைத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் நடந்தது. அந்தத் தெர்மாகோல் எழுத்துகள் உடைந்து, பள்ளிக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. ஆடிக் காற்று அடிக்கும்வரை அந்தத் துணுக்குகள் எங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன.

இரண்டாவது தவறு

அந்த ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு ஓர் அறிவிப்பு செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. அந்தப் பட்டியலை நான் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். உணவு மேசை மீது விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் கொடி என்று வரிசையாக வந்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், போன பொங்கலுக்கு நாம வாங்குனதெல்லாம் இதுல இருக்குதுங்க" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தடை வந்த இரண்டே வாரத்தில் பொங்கல். சரி, இந்த முறை எதுவும் வாங்க வேண்டாம், வீட்டில் இருப்பதைக் கொண்டே செய்வோம் என்று முடிவெடுத்தேன். ஒரு பட்டியலும் எழுதிப் போட்டேன். குத்துவிளக்கு, பித்தளைச் செம்பு, பட்டுத் துணி, வெங்கலக் கிண்ணம். தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு பொருளிலும் பெயர் எழுதிய தாளை ஒட்டச் சொன்னேன்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு பொருள்கள் வர ஆரம்பித்தன. பிள்ளைகள் அவற்றைச் சுற்றி நின்று, யார் கொண்டுவந்தது பெரியது, யாருடையது பளபளப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் பையைத் திறக்கவே இல்லை. பிறகு நான் தனியாகப் பார்த்தபோது உள்ளே ஒரு நசுங்கிய அலுமினியப் போசி இருந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று வைத்திருந்தான். ஒட்டுவதற்குப் பெயரும் எழுதியிருந்தான். ஒட்டவில்லை.

வீட்டில் இருக்கும் பொருள்தானே, செலவில்லையே என்று நாம் சொல்லிவிடுகிறோம். எல்லார் வீட்டிலும் ஒரே பொருளா இருக்கிறது? பணமாகக் கேட்டால் தராதவர் யார் என்பது ஆசிரியருக்கு மட்டும் தெரியும். பொருளாகக் கேட்டால் வகுப்புக்கே தெரிந்துவிடுகிறது.

அன்று மாலை பள்ளி விட்ட பிறகு, போன ஆண்டு வராமல் போன அந்தப் பெண் என்னிடம் வந்தாள். இப்போது எட்டாம் வகுப்பு. தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "டீச்சர், எங்க வூட்டுல இதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. காட்டுல பூளப்பூ நெறையப் பூத்திருக்குது. கொண்டாரட்டுங்களா?"

எங்கள் பகுதியில் போகி நாளில் காப்புக் கட்டுவோம். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை, மாவிலை எல்லாம் சேர்த்துக் கட்டி வீட்டு முகப்பில் செருகுவது வழக்கம். மார்கழியில் தரிசுக் காடெல்லாம் பூளைப்பூ வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். யாரும் விதைப்பதில்லை. அன்றைக்குச் சந்தையிலிருந்து ஒரு கட்டு வாங்கி வருவதை விட்டால், யாருக்கும் செலவும் இல்லை.

"நீ மட்டும் கொண்டுவர வேண்டாம். நாளைக்கு எல்லாரும் போய்ப் பறிப்போம். எங்கே இருக்கிறது என்று நீ காட்டு" என்றேன்.

எழுதிப் போட்ட பட்டியலைக் கிழித்துவிட்டேன். பொருள்களில் ஒட்டியிருந்த பெயர்த் தாள்களை நானும் சமையலர் அக்காவும் அன்றைக்கே பிரித்தெடுத்தோம். எது யாருடையது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி என் மேசைக்குள் வைத்துக்கொண்டேன். வந்த செம்பு, கிண்ணம் எல்லாவற்றையும் நுழைவாயிலில் ஒன்றாக வைத்து, தண்ணீர் ஊற்றி, செண்டுமல்லி போட்டோம். அந்த அலுமினியப் போசியும் நடுவில்தான் இருந்தது. பூ நிறைந்த பிறகு பித்தளை எது, அலுமினியம் எது என்று யாரும் பார்க்கவில்லை.

பந்தியை எப்படி அமைத்தோம்

இனி வேலையைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ள விரும்புவோர் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் மேசை. எங்களிடம் ஐந்தடி நீள டெஸ்க்குகள் 14 இருந்தன. இரண்டிரண்டாக அகலவாக்கில் சேர்த்தால் ஏழு மேசை. ஏழையும் வேப்பமரத்தடியில் வரிசையாகப் போட்டால் 35 அடி நீளத்தில் ஒரே மேசை. அகலம் இரண்டரை அடி. ஐந்தடிக்குப் பக்கத்துக்கு மூன்று பிள்ளைகள் வீதம் 42 பேர் உட்காரலாம். இரண்டு பந்தியில் 84 பேரும் முடிந்தது. இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே அளவு நாடாவோடு வந்து போட்டார்கள். பெஞ்சும் டெஸ்க்கும் இல்லாத பள்ளிகளில் தாழ்வாரத்தில் பாய் விரித்தே இதைச் செய்யலாம். அளவு அதேதான்.

அடுத்தது விரிப்பு. ஒரு புடவையின் நீளம் ஐந்தரை மீட்டர், ஏறத்தாழ 18 அடி. இரண்டு புடவை 36 அடி. 35 அடி மேசைக்குச் சரியாகப் போதும். என்னுடைய பழைய நூல் புடவை ஒன்று, சமையலர் அக்காவுடையது ஒன்று. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன புடவைதான் மேசையில் வழுக்காமல் படியும். பட்டு வேண்டாம். சாம்பார் சிந்தினால் யாராவது திட்டு வாங்குவார்கள். புடவையைப் பிள்ளைகளிடம் கேட்காமல் பெரியவர்களே கொடுத்துவிடுவது நல்லது.

விரிப்பின் மேல் வாழையிலை. இரண்டரை அடி அகலத்தில் இருபுறமும் இலை போட்டால், நடுவில் அரையடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் மிஞ்சும். அலங்காரத்துக்கு அந்த இடம் போதும். நீளமான இலையைத் துண்டு போடும்போது ஓர் இலைக்கு ஒரே ஒரு நுனிதான் கிடைக்கும். நுனியிலை யாருக்கு என்று கேள்வி வந்தது. வீட்டில் விருந்தாளிக்கும் பெரியவர்களுக்கும் போடுவார்கள். நாங்கள் ஒன்றாம் வகுப்புக்குப் போட்டோம். இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் வர வேண்டும் என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஐந்தாம் வகுப்பு.

நடுவில் பூ. இங்கே ஒரு சின்ன யோசனை பெரிய உதவி செய்தது. பூ வைக்கும் பாத்திரத்தை வீட்டிலிருந்து கேட்கவில்லை. பள்ளியின் எவர்சில்வர் டம்ளர்களையே எடுத்துக்கொண்டோம். எல்லாம் ஒரே மாதிரி, எல்லாருக்கும் சொந்தம். ஒவ்வொரு டம்ளரிலும் பாதித் தண்ணீர், அதில் பூளைப்பூ ஒரு பிடி, ஆவாரம்பூ இரண்டு கொத்து. வெள்ளையும் மஞ்சளும் எவர்சில்வரும் சேர்ந்து எவ்வளவு எடுப்பாக இருந்தது என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். பூவின் உயரம் மட்டும் கவனம். உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மோவாய்க்கு மேலே போகக் கூடாது. எதிரில் இருப்பவர் முகம் தெரிந்தால்தான் பேச்சு வரும். டம்ளர்களுக்கு இடையில் மஞ்சள் கிழங்கு, எலுமிச்சை, சின்னப் பரங்கிக்காய், நெல் நிரப்பிய கொட்டாங்குச்சி. விருந்து முடிந்ததும் பரங்கிக்காயும் எலுமிச்சையும் சமையலறைக்குப் போய்விட்டன.

தோரணத்துக்குச் சணல் கயிறு ஒரு கண்டு வாங்கினோம். மொத்த விழாவிலும் அலங்காரத்துக்கு என்று வாங்கியது அது ஒன்றுதான். மாவிலை, தென்னங்குருத்து, வேப்பிலை ஆகியவற்றோடு பழைய மாதக் காலண்டர் தாள்களும் தோரணம் ஆயின. பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்து ஒதுங்க வைக்கும்போது தூக்கிப்போட ஒதுக்கும் பொருள் எல்லா வீட்டிலும் கொஞ்சம் இருக்கும். முடிந்துபோன ஆண்டின் காலண்டர், பழைய கல்யாணப் பத்திரிகை, கிழிந்த புடவையின் கரை. போகியன்று எரிய வேண்டியது நம் தோரணத்துக்கு வரட்டும். காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில் வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை நறுக்கி, மஞ்சள் கரைசலில் தொட்டு அச்சிட்டால் ஐந்து இதழ்ப் பூ வரும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் வேறு எங்கும் நகரவில்லை.

கவனிக்க வேண்டியவை சில. அரளிப் பூவைப் பந்தியில் சேர்க்காதீர்கள். கோயில் மாலையில் பார்த்துப் பழகிய பூ என்பதால் பிள்ளைகள் முதலில் அதைத்தான் பறித்து வருவார்கள். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. ஊமத்தையும், அழகுக்காகக் கொண்டுவரும் குன்றிமணியும் அப்படியே. பூளைப்பூ உதிரும். ஆகவே இலைக்கு நேர் மேலே கட்டக் கூடாது. துணி விரித்த மேசையில் எரியும் விளக்கு வேண்டாம். நுழைவாயிலில் ஒரே ஒரு விளக்கு, பக்கத்தில் ஓர் ஆசிரியர். கோலத்துக்குக் கடையில் விற்கும் சாயப்பொடி வேண்டாம். அரிசி மாவு, காவி, மஞ்சள் போதும். மஞ்சளோடு துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு வந்துவிடும். சுண்ணாம்பை மட்டும் ஆசிரியரே கையாள வேண்டும். பிள்ளைகள் கண்ணில் பட்டால் ஆபத்து.

பெயர்ச்சீட்டு

நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

கல்யாணப் பத்திரிகை கெட்டியான அட்டை. வெட்டி நடுவில் மடித்தால் கூடாரம் போல நிற்கும். எழுத்தில்லாத பக்கம் வெளியே வருமாறு மடித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர்ச்சீட்டு செய்தோம். தன் பெயரைத் தானே எழுதக் கூடாது. குலுக்கிப் போட்டு எடுத்து, கிடைத்த பெயரை அழகாக எழுத வேண்டும். பெயர் மட்டும், வேறு எந்த அடையாளமும் வேண்டாம். பிறகு அந்தச் சீட்டுகளையும் குலுக்கி வரிசையாக இலைகளுக்கு முன்னால் வைத்தோம். யார் பக்கத்தில் யார் என்பதை யாரும் முடிவு செய்யவில்லை.

பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பது நம் ஊர்களில் சின்ன விஷயம் அல்ல என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து, நம் பள்ளித் தாழ்வாரங்கள் தினமும் அதற்கு ஒரு பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனாலும் பிள்ளைகள் தாமாக உட்காரும்போது தெருவாரியாக உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி அறிவுரை சொன்னால் பிள்ளைகள் தலை குனிவார்கள். ஒரு சீட்டைத் தேடி ஓடச் சொன்னால் சிரித்துக்கொண்டே ஓடுகிறார்கள். சீட்டு எங்கே இருக்கிறதோ அங்கே உட்காருகிறார்கள். ஒரு பழைய பத்திரிகை அட்டைக்கு இவ்வளவு வேலை செய்யத் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பெயர்ச்சீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. பெயர் எழுதி இடம் போட்டுவிட்டால், வராத பிள்ளை நம் கண்ணுக்குத் தெரியும். 2018இல் ஒரு பிள்ளை வரவில்லை என்பதைப் படமெடுக்கும் பரபரப்பில் மாலைவரை நான் கவனிக்கவே இல்லை. 2019இல் பந்தி தொடங்கும் முன் இரண்டு இலைகளுக்கு முன்னால் ஆள் இல்லை. உடனே தெரிந்தது. ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே அம்மை. இன்னொருவன் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தான். சமையலர் அக்காவின் மகன் சைக்கிளில் போய்த் தம்பியையும் சேர்த்தே அழைத்து வந்துவிட்டான். அந்தத் தம்பிக்கு ஓர் இலை கூடுதலாகப் போட்டோம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவசரமாக ஓர் அட்டையை மடித்து அவன் பெயரையும் எழுதி வைத்தாள்.

எழுதியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பூளைப்பூ இருக்கும் காட்டுக்கு வழி காட்டிய அதே பெண்தான்.

வகுப்பறைக்குள் வந்த விருந்து

பாடம் நடத்தவே நேரமில்லை, இதற்கெல்லாம் எங்கே போவது என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்தவள்தான். ஆனால் அந்த ஒரு வாரத்தில் பாடம் நின்றதாக எனக்குத் தோன்றவில்லை.

கோலம் போட்ட பிள்ளைகளிடம், ஏழு புள்ளி இடுக்குப் புள்ளி நான்கில் நிறுத்தினால் மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டேன். ஏழு நடுவில், மேலும் கீழும் ஆறு, ஐந்து, நான்கு. 37 என்று எண்ணாமலே சொன்னார்கள். நேர்ப்புள்ளியில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஏறி மறுபடி ஒன்றுக்கு இறங்கினால் 25. ஏறும்போது ஏழு உட்பட 16, இறங்கும்போது 9. நான்கின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் சேர்ந்து ஐந்தின் வர்க்கம் என்று கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் எழுதியபோது, கோலப்பொடி ஒட்டிய கைகள் தட்டின. மஞ்சளும் சுண்ணாம்பும் சிவப்பாவதைப் பார்த்தவர்களுக்கு, காரத்தில் மஞ்சள் நிறம் மாறும் என்ற பாடத்தை அறிவியல் ஆசிரியர் மறுபடி விளக்க வேண்டியிருக்கவில்லை. பறித்து வந்த செடிகளின் பெயரையும் பயனையும் பாட்டிமார்களிடம் கேட்டு எழுதி வந்தார்கள். ஐம்பது ரூபாய் இல்லாத அந்த அம்மாயிக்குத் தெரிந்த செடிப் பெயர்களில் பாதி எனக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு, 2020இல், இன்னொன்று நடந்தது. நூற்பாலை வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்திருந்தான். தமிழ் இன்னும் தடுமாற்றம். அவனிடம் என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவனே தன் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். அரிசியை ஊறவைத்து அரைத்த மாவை அந்த அம்மா எடுத்து வந்திருந்தார். ஒடிசாவில் மார்கழியை ஒட்டி வீட்டுத் தரையிலும் சுவரிலும் அரிசி மாவுக் கரைசலால் 'ஜோட்டி' என்ற கோலம் இடுவார்கள். நெற்கதிரும் இலட்சுமியின் பாதமும் அதில் வரும். எங்கள் பள்ளிச் சுவரோரம் அவர் விரலால் நெற்கதிர் வரைய, எங்கள் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். "டீச்சர், இது நம்ம மாக்கோலமுங்க" என்றாள் ஒருத்தி. அந்தப் பையன் அன்றைக்குத் தமிழில் சொன்ன முதல் முழு வாக்கியம், "எங்க அம்மா போட்டது" என்பதுதான்.

முடிக்கும் முன்

எங்கள் பள்ளியில் இப்போது நான்கு விதிகள் வைத்திருக்கிறோம். விழாவுக்குப் பிள்ளைகளிடம் பணம் கேட்பதில்லை. விலை உள்ள பொருளைக் கேட்பதில்லை. கேட்பது காட்டிலும் தோட்டத்திலும் கிடைப்பதாகவோ, வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கியதாகவோ இருக்க வேண்டும். யார் கொண்டுவந்தது என்று எதிலும் எழுதுவதில்லை. இருக்கைக்கு மட்டும் பெயர் எழுதுகிறோம், ஒருவர் பெயரும் விடுபடாமல்.

ஐந்தாவதாக, விதி என்று சொல்ல முடியாத ஒரு வேலையும் இருக்கிறது. இரவல் வாங்கியதை அன்றைக்கே திருப்பிக் கொடுப்பது. 2019இல் விருந்து முடிந்த மாலை, குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு செம்பு, கிண்ணம், போசி எல்லாவற்றையும் துடைத்து எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அந்த நான்காம் வகுப்புப் பையனின் வீட்டில் அவன் அம்மா போசியை வாங்கிப் பார்த்தார். அடியில் இரண்டு செண்டுமல்லி இதழ் ஒட்டியிருந்தது. "இதையுமாங்க டீச்சர் வெச்சீங்க?" என்று கேட்டார். "நடுவுல வெச்சாங்கம்மா" என்றான் பையன்.

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேசையை அழகாக்குவது கடினமில்லை. ஒரு புடவை, ஒரு பிடி பூ, ஒரு கண்டு சணல் இருந்தால் போதும். அந்த மேசைக்கு வரத் தயங்கும் பிள்ளை யார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் நம் வேலை. வரும் பொங்கலுக்கு உங்கள் பள்ளியில் பந்தி போடும்போது, முதல் இலையை அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்துப் போடுங்கள். மற்ற அலங்காரத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

சாப்பாடு தயார் என்று சைகை காட்டுகிறார்கள்.